பனி இறுகுது என்று நான் சொன்ன பொய்

இந்தப் பருவத்துக்கு வழிகாட்டிகளாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் ஆறு பேரும் என்னைவிட நன்றாகச் சறுக்குகிறீர்கள். பயிற்சிக் காணொளியில் பார்த்தேன். ஆகவே சறுக்குவதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. பனியைத் தோண்டிப் பார்ப்பது, சரிவின் கோணம் அளப்பது, காலை அறிக்கை வாசிப்பது எல்லாம் உங்களுக்குச் சொல்லித் தந்தாயிற்று. இவை தெரியாமல் பனிச்சரிவில் மாட்டியவர்களை நான் அதிகம் கண்டதில்லை. தெரிந்துகொண்டே போனவர்களைத்தான் கண்டிருக்கிறேன். நானும் அப்படிப் போனவன்.

அலுவலகத்தில் என்னிடம் கேட்டது, புதியவர்களுக்கு உற்சாகம் தரும்படி நாலு பக்கம். உற்சாகம் வேண்டுமென்றால் நம்முடைய விளம்பரப் புத்தகத்தைப் பாருங்கள். நீல வானம், வெள்ளைப் பனி, எல்லோரும் பல்லைக் காட்டுவார்கள். தமிழில் எழுதுகிறேன். உங்களில் சிலர் வாசிக்கத் திணறுவீர்கள். திணறுங்கள். இந்தப் பிழை தமிழில்தான் நடந்தது. ஆங்கிலத்தில் எழுதினால் பாதி விளங்காது.

நான் முதலில் அகதியாகப் போனது சுவிஸுக்கு. மலை ஊர் ஒன்றில் ஹோட்டல் சமையலறையில் கோப்பை கழுவினேன். மத்தியான இடைவேளையில் சறுக்கப் பழகி, அங்கேயே மீட்புக் குழுவில் சேர்ந்து, வழிகாட்டிச் சான்றிதழும் எடுத்தேன். கல்யாணம் லண்டனுக்குக் கொண்டுவந்தது. அதன்பின் குளிர்காலத்தில் நம் ஆட்களை ஆல்ப்ஸ் மலைக்குக் கூட்டிப்போவதும், கோடையில் அலுவலகத்தில் குந்தியிருப்பதுமாக முழங்கால் இரண்டும் தேயும்வரை இதுதான் தொழில்.

வழக்கமாக வரும் கூட்டங்களில் ஒன்று ஹாரோவில் இருக்கும் டொக்டர் ஒருவருடையது. அவர் யாழ்ப்பாணத்தில் நான் படித்த பள்ளிக்கூடத்திலேயே படித்தவர். எனக்கு ஆறு வகுப்பு மேலே. பிரிபெக்டாக, அதாவது மாணவர் தலைவராக, இருந்தவர். சப்பாத்து மினுக்காமல் வந்ததற்காக என்னை ஒருநாள் வெயிலில் முழங்காலில் நிற்கவிட்டவர். நான் அவருக்கு வழிகாட்டி, அவர் என் வாடிக்கையாளர். ஆனால் முதல் நாள் ஹீத்ரோவில் சந்தித்தபோதே நான் ‘அண்ணை’ என்றேன், அவர் ‘தம்பி’ என்றார். அந்த இரண்டு சொல்லோடு மலையில் யார் பெரியவர் என்பது தீர்ந்துபோயிற்று. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. நமக்குள் வழக்கம்தானே என்று இருந்துவிட்டேன்.

அவரோடு ஒவ்வொரு ஆண்டும் வருபவர் குகன். அதே பள்ளிக்கூடம், எனக்கும் வெகு கீழே. வங்கியில் வேலை, கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் வீடு. நான் சொல்லும் ஆண்டில் குகன் தன்னோடு வேலை செய்யும் மீனா என்ற பெண்ணையும் சேர்த்துக்கொண்டார். கோயம்புத்தூர்க்காரி. நன்றாகச் சறுக்குவார். குறியிட்ட பாதையை விட்டு வெளியே போவது அவருக்கு முதல்முறை.

பயணத்துக்கு முன் நவம்பரில் வெம்பிளியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கூடுவது வழக்கம். கொத்துரொட்டித் தட்டுக்கு முன்னால் இருந்துகொண்டு டொக்டர் அண்ணை சொன்னார், கடைசி நாள் கிண்ணத்தாலதான் இறங்க வேணும் என்று. கிண்ணம் என்று நாங்கள் பெயர் வைத்திருந்தது ஒரு பள்ளத்துச் சரிவு. வடக்குப் பார்த்தது, செங்குத்து, மேலே முகட்டில் காற்று பனியைக் கொண்டுவந்து குவிக்கும். ஐந்து ஆண்டு அதால் இறங்கியிருக்கிறோம். ஐந்து முறையும் ஒன்றும் நடக்கவில்லை. நான் சாப்பிட்டுக்கொண்டே, ‘ஓம் அண்ணை, அதுக்கென்ன’ என்றேன்.

அந்த முகட்டில் அன்று ஒரு பிடி பனிகூட விழுந்திருக்காது. முடிவு எடுத்தாயிற்று. உங்கள் வாடிக்கையாளர் லண்டனில் வைத்தே ஒரு சரிவின் பெயரைச் சொன்னால் ‘பார்ப்போம்’ என்று சொல்லுங்கள். அதற்குமேல் ஒரு சொல் சொல்லாதீர்கள்.

பெப்ரவரியில் போனோம். இரண்டு நாள் கொட்டியது, காற்றும் அடித்தது. மூன்றாம் நாள், அதாவது கடைசி நாள், வானம் கழுவிவிட்டது போலத் தெளிந்தது. காலை அறிக்கை பனிச்சரிவு ஆபத்து நிலை மூன்று என்றது. ஐந்தில் மூன்று என்றால் நடுத்தரம், சமாளிக்கலாம் என்று நினைக்கும் மனிதப் புத்தி. நிழல் பக்கச் சரிவுகளைத் தவிர்க்கவும் என்று கீழே எழுதியிருந்தது. வடக்குப் பார்த்த கிண்ணமும் அதில் ஒன்று. நான் வாசித்தேன். மரங்களுக்கு நடுவே இறங்கும் வேறு பாதை ஒன்று இருந்தது. காலைச் சாப்பாட்டில் அதைச் சொல்லிப் பார்த்தேன்.

டொக்டர் அண்ணை பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டே கேட்டார்:

“என்ன ஐசே, பயந்திட்டீரோ?”

குகன் சிரித்தார். நானும் சிரித்தேன். ‘இல்லையண்ணை, மேல போய்ப் பாப்பம்’ என்றேன். மேலே போய்ப் பார்ப்பம் என்பது போவோம் என்பதற்கு இன்னொரு பெயர். மேலே போனபின் யாரும் திரும்புவதில்லை. ஒரு மணித்தியாலம் வியர்க்க வியர்க்க ஏறியவனை, வந்த வழியே நட என்று சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை. உங்களுக்கு வருமா என்று இப்போதே யோசியுங்கள்.

முகட்டுக்குச் சற்று முன் ஒரு சமதரை வரும். அதில் நடந்துபோகும்போது காலடியில் ‘வும்’ என்று ஒரு சத்தம் கேட்டது. பெரிய சோற்றுப் பானைக்குள் மூடி விழுந்தாற்போல. கால் ஒரு விரல் அளவு கீழே இறங்கியது. நீங்கள் படித்திருப்பீர்கள். மேலே உள்ள பனிப் பலகைக்கு அடியில் ஒரு பலவீனமான அடுக்கு நொறுங்கினால்தான் அந்தச் சத்தம் வரும். இதைவிடத் தெளிவாக மலை பேசாது. சமதரையானபடியால் ஒன்றும் சரியவில்லை. சரிவில் என்றால் நாங்கள் அப்போதே போயிருப்போம்.

மீனா நின்றுவிட்டார். “அண்ணா, ஒரு நிமிஷம். அது என்ன சத்தம்?”

நான் திரும்பிப் பார்த்தேன். டொக்டர் அண்ணை எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார், திரும்பவில்லை. குகன் தன் கையுறையைச் சரிசெய்துகொண்டிருந்தார். அந்த இடத்தில் மூன்று பேரும் நின்றிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்.

“பனி இறுகுது, தங்கச்சி. அது நல்லதுதான்” என்றேன்.

அவர் நம்பினார். ஏன் நம்பமாட்டார்? மார்பில் சான்றிதழ் அட்டை தொங்கவிட்டவன் சொல்கிறான். தெரியாதவன் சொல்லும் பொய்யை மறித்துக் கேட்க ஆள் வரும். தெரிந்தவன் சொல்லும் பொய்யை யாரும் மறிப்பதில்லை.

எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்றும் இல்லை. சுவிஸில் எங்கள் மீட்புக் குழுவின் தலைவர் ஒரு கடுகடுத்த மனிதர். காலைக் கூட்டத்தில் தன் கருத்தைக் கடைசியில்தான் சொல்வார். முதலில் கேட்பது ஆகப் புதிதாக வந்தவனிடம். அந்தக் குளிர்காலம் புதியவன் நான். கோப்பை கழுவுகிறவன், ஜெர்மன் வசனம் ஒன்று முழுதாக வராது. ‘நீ என்ன நினைக்கிறாய்?’ என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டுவிட்டு, நான் சொல் பொறுக்கி முடிக்குமட்டும் காத்திருப்பார். ஒருநாள் நான் எனக்குப் பிடிக்கவில்லை என்றேன். காரணம் சொல்லத் தெரியவில்லை. அவர் காரணம் கேட்கவில்லை. அன்று ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை. அங்கே பனி சரிந்து விழுந்ததா என்று கேட்காதீர்கள். விழவில்லை. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவுமில்லை.

அந்த மனிதரிடம் ஏழு ஆண்டு வேலை செய்தவன்தான், மீனாவின் வாயை ஐந்து சொல்லில் அடைத்தேன்.

முகட்டில் நின்று பார்த்தோம். கிண்ணத்தில் ஏற்கெனவே இரண்டு பேர் இறங்கிய தடம் இருந்தது. டொக்டர் அண்ணை கைத்தடியால் அதைக் காட்டி, “பாரும், அவங்கள் போயிருக்கிறாங்கள்” என்றார். தடம் இருந்தால் அவர்கள் தப்பினார்கள் என்று மட்டும்தான் அர்த்தம். அதை நான் சொல்லவில்லை. ஒருவர் பின் ஒருவராகத்தான் இறங்க வேண்டும், ஒருவர் வந்து சேர்ந்தபின்தான் அடுத்தவர் என்று சொன்னேன். அதை மட்டும் உரத்துச் சொன்னேன். மனச்சாட்சிக்கு ஒரு விதியைப் போட்டுக் கொடுத்தால் அது பேசாமல் இருக்கும்.

நான் முதலில் இறங்கிப் பக்கத்தில் இருந்த பாறை முனையில் நின்றேன். பனி தாங்கியது. இரண்டாவது டொக்டர் அண்ணை. நடுச்சரிவில் திரும்பும்போது காலில் பூட்டிய ஸ்கீப் பலகை ஒன்று கழன்று அவர் விழுந்தார். எழும்பி, முழங்கால் வரை பனியில் நின்று ஸ்கீயைத் தேடத் தொடங்கினார். ஸ்கீயை விட்டுவிட்டு உடனே என்னிடம் வரச் சொல்லியிருக்க வேண்டும். அவரைப் பார்த்துக் கத்த எனக்குக் கூச்சமாக இருந்தது. ஐம்பது வயது கடந்த மனிதன், பனிச்சரிவுக்குக் கீழே நின்றுகொண்டு, பெரியவரை அதட்டுவதா என்று கூசினேன்.

அப்போது குகன் மேலிருந்து இறங்கத் தொடங்கினார். அவர் முறை இன்னும் வரவில்லை. அண்ணை விழுந்துவிட்டார், தனிய நிற்கிறார், போய்த் தூக்கிவிட வேண்டும். அவ்வளவுதான். நம் ஆட்களுக்கு அது யோசித்துச் செய்வதில்லை. இடம்பெயர்ந்து நடந்த சனம். ஒருவரை ஒருவர் விடாமல் சேர்ந்து போனதால்தான் பலர் உயிரோடு வந்தோம். குகன் பத்து வயதில் அப்படி நடந்தவர். அந்தப் பழக்கம் உடம்புக்குள் இருக்கிறது. பனிச்சரிவில் அதே பழக்கம் ஆளைக் கொல்லும். இரண்டு பேரின் பாரம் ஒரே இடத்தில் இறங்குகிறது. பனி விழுந்தால் தோண்ட ஆளும் குறைகிறது.

நான் கண்டேன். கத்த நேரம் இருந்தது. கத்தவில்லை. கெட்டிக்காரப் பெடியன், அண்ணையை விடாமல் போகிறான் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

குகன் அவருக்குப் பக்கத்தில் போய் நின்றதும் இரண்டு பேருக்கும் மேலே ஒரு கோடு ஓடியது. கண்ணாடி வெடிப்பது போல. பிறகு கிண்ணம் முழுவதும் அசைந்தது.

சரிந்த பனி ஓய்ந்து நின்றபோது டொக்டர் அண்ணை ஓரத்தில் தெரிந்தார். ஒரு கால் கோணலாகக் கிடந்தது, உயிரோடு இருந்தார். குகன் இல்லை. பனி கட்டி கட்டியாகக் குவிந்து கிடந்தது, அதில் ஒரு துணித் துண்டுகூட வெளியே இல்லை.

நான் கீழே நின்றவன். கட்டிகளுக்கு மேலால் ஏறிப் போக வேண்டும். மேலே இருந்த மீனாவுக்குத்தான் வழி. அங்கேயே நிற்கும்படி நான் கத்தினேன், இன்னொரு துண்டு விழலாம் என்ற பயத்தில். கத்த வேண்டியவர்களிடம் கத்தாத தொண்டை அவரிடம் நன்றாகத் திறந்தது. அவர் கேட்கவில்லை. மார்பில் கட்டியிருந்த, புதைந்தவரின் சமிக்ஞையைப் பிடிக்கும் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றிவிட்டு, பனி போய்த் தரை இறுகிக் கிடந்த வழியால் பக்கவாட்டில் இறங்கினார். முந்தைய நாள் மத்தியானம் ஹோட்டல் முற்றத்தில் நான் பழக்கியது அப்படியே. நான் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அவர் நீளக் கம்பியைக் குத்தி ஆளைத் தொட்டிருந்தார். இருவரும் தோண்டினோம். எத்தனை நிமிடம் என்று கேட்காதீர்கள். தலைக்கவசம் தெரிந்தது, பிறகு முகம். நீலமாக இருந்தது. மீனா கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு விரலால் வாய்க்குள் இருந்த பனியை இழுத்தெடுத்தார். டொக்டர் அண்ணை அந்தப் பக்கத்தில் காலைப் பிடித்துக்கொண்டு, தலையை இப்படி வை, தாடையைத் தூக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். குகன் ஒரு சத்தத்தோடு மூச்சு எடுத்தார். பிறகு ஹெலிகொப்டர்.

இடுப்பு எலும்பு உடைந்து, கிட்டத்தட்ட ஓராண்டு குகன் வேலைக்குப் போகவில்லை.

லண்டனுக்கு வந்து நான் அறிக்கை எழுதினேன். ஒரு பொய்யும் இல்லாத அறிக்கை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் சரிவில் நின்றதால் பனி உடைந்தது என்று எழுதினேன். வழிகாட்டி ஒவ்வொருவராக இறங்கும்படி தெளிவாகச் சொல்லியிருந்தார் என்றும் எழுதினேன். சமதரையில் கேட்ட சத்தத்தை எழுதவில்லை. அலுவலகத்தில் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. மற்ற மூவருக்கும் ஒவ்வொரு பிரதி போயிற்று.

அடுத்த ஆண்டு பழைய மாணவர் சங்க இராப்போசனத்தில், உயிரைக் காத்தவர் என்று என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். குகன் ஒரு கைத்தடியோடு ஏறிவந்து எனக்குப் பொன்னாடை போர்த்தினார். மைக்கில் அவர் பேசியது இரண்டு வசனம். என்ர அவசரத்தால அண்ணையின்ர காலும் போச்சு, எல்லாருக்கும் கரைச்சல், மன்னிக்க வேணும் என்றார். சபை கைதட்டியது. மீனா அழைக்கப்பட்டிருந்தார், பின்வரிசை மேசையில் இருந்தார். அவர் பெயரை நன்றியுரையில் சொன்னார்கள். நான் பொன்னாடையோடு நின்று கும்பிட்டேன். இறங்கி வந்து சாப்பிடவும் செய்தேன்.

மறுநாள் காலை மீனாவுக்குப் போன் எடுத்தேன். பொன்னாடை உங்களுக்கு வந்திருக்க வேண்டும் என்று சொல்லத்தான் எடுத்தேன். வேறு எண்ணம் இல்லை. அவர் சிரித்தார். அதெல்லாம் விடுங்கண்ணா என்றார். பேச்சோடு பேச்சாக, ஜனவரியில் ஆபீஸ் ஆட்களோடு மலைக்குப் போய்வந்த கதையைச் சொன்னார். பயம் விட்டுப்போக வேண்டும் என்று போனாராம்.

“அங்கயும் அதே சத்தம் வந்துச்சுண்ணா. எல்லாரும் பயந்துட்டாங்க. நான்தான் சொன்னேன், பனி இறுகுது, நல்லதுதான், எங்க கைடு சொல்லியிருக்காருன்னு. உங்க ரிப்போர்ட்ல போட்டிருந்தீங்கல்ல, அதே மாதிரி ஒவ்வொருத்தராதான் இறங்கினோம்.”

ஐந்து பேர் போயிருக்கிறார்கள். ஐந்து பேரும் வந்துவிட்டார்கள்.

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். அந்தச் சத்தம் என்ன என்று சொன்னேன். முழுவதையும் சொன்னேன். “அப்ப நான் கேட்டது சரிதானா?” என்று அவர் கேட்டார். ஓம் என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். அவர் கோபப்பட்டது நியாயம்.

நீங்கள் மலையில் சொல்லும் பொய் மலையில் நிற்காது. கேட்டவர் அதைப் பாடமாக எடுத்துக்கொண்டு போவார். நீங்கள் காணாத சரிவுகளில், உங்களுக்குத் தெரியாத ஆட்களுக்குச் சொல்லுவார்.

அறிக்கையைத் திருத்தி எழுதி, அலுவலகத்தில் கொடுத்தேன். இன்னொரு பிரதியோடு ஞாயிற்றுக்கிழமை பார்க்கிங்கில் குகன் வீட்டுக்குப் போனேன். டொக்டர் அண்ணையும் வரவேண்டும் என்று குகனிடம் சொல்லியிருந்தேன். சமையலறை மேசையில் மூவரும் இருந்தோம். குகனின் மனைவி தேத்தண்ணி வைத்தார். குகன் வாசித்துவிட்டு, தாளை டொக்டர் அண்ணையின் பக்கம் தள்ளினார்.

டொக்டர் அண்ணை கண்ணாடியைப் போட்டு வாசித்தார். பிறகு தாளைக் கவிழ்த்து வைத்தார்.

“ஒருத்தரும் சாகேல்லை. இப்ப ஏன் இதைக் கிளறுறீர்? விடும்.”

“விடேலாது அண்ணை” என்றேன். “இவன் ஒரு வருசமாத் தன்ர பிழை எண்டு நினைச்சுக்கொண்டு திரியிறான். பிழை என்ர. அந்தச் சத்தத்தோட நான் திரும்பியிருக்க வேணும்.”

அவரிடம் நான் மறுத்துப் பேசியது அதுதான் முதல்முறை. அவர் கோபிப்பார் என்று பார்த்தேன். அவர் கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“எனக்கும் கேட்டது” என்றார். “நீர் கைட். நீர் ஒண்டும் சொல்லேல்லை. அப்ப ஒண்டுமில்லையாக்கும் எண்டு நடந்தனான்.”

சத்தம் கேட்டு அவர் நிற்பார் என்று நான் பார்த்தேன். நான் நிறுத்துவேன் என்று அவர் பார்த்திருக்கிறார். நான் குகனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“எனக்கும் கேட்டது அண்ணை. பெரியாக்கள் ரெண்டு பேரும் போறியள். நான் என்னத்தைச் சொல்ல?”

குகனின் மனைவி அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். தேத்தண்ணிக் கேத்தலைக் கீழே வைத்தார்.

“அப்ப மூண்டு பேருக்கும் கேட்டிருக்கு” என்றார். “வாயைத் திறந்தது அந்தப் பிள்ளை மட்டும். ஏன்?”

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம், யார் முதலில் பேசுவது என்று.